பார்ட்னரின் இடது பாதம்

ஜூன் 3

இடம் கிடைத்துவிட்டது! கோயம்புத்தூர்க் கல்லூரியில் இந்த வருடம்தான் இந்தப் படிப்பைத் தொடங்குகிறார்கள். நாங்கள்தான் முதல் பேட்ச், பன்னிரண்டே பேர். பெயர் பொடியாட்ரி, அதாவது பாத மருத்துவம். கணுக்காலுக்குக் கீழே வரும் சகல வியாதிக்கும் இனி மிருதுளா பொறுப்பு.

சேதி கேட்டு தாராபுரத்து அத்தை போன் செய்தாள். "காலு மட்டுமா? மிச்ச ஒடம்ப யாரு பாப்பாங்க?" என்றாள். அப்பா போனை வாங்கி, "மிச்ச ஒடம்ப அந்தக் காலுதானே அக்கா தூக்கிட்டு நடக்குது?" என்றார். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முழுக்க நிற்கிற சூப்பர்வைசர் அவர். அனுபவித்துச் சொன்னார்.

கடிதத்தோடு ஒரு தாளும் வந்திருக்கிறது. துறைத் தலைவர் ரேணுகா மேடம் அனுப்பியது. வருவதற்கு முன்பு பாத எலும்புகளின் பெயர்களைப் படித்துவிடுங்கள். பிளஸ் டூ உயிரியலைத் தூசி தட்டுங்கள். சர்க்கரை நோய் கிளினிக் ஏதாவது ஒன்றில் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். கை நடுங்காமல் இருக்க உருளைக்கிழங்குத் தோலை அறுபடாமல் ஒரே இழையாகச் சீவிப் பழகுங்கள். தெருவில் போகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்.

கடைசி வரி: "உங்கள் இரு பாதங்களும் தயாராக இருக்கட்டும். மாணவர்கள் ஒருவர் காலில் ஒருவர் பயிற்சி செய்வார்கள்."

அந்த வரி தெரியாதபடி தாளை மடித்துப் புத்தகத்தில் வைத்தேன்.

ஜூன் 11

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். எல்லாப் பெயரும் மனப்பாடம் ஆகிவிட்டது, இந்த 26 மட்டும் வாயில் நிற்கவே மாட்டேன் என்கிறது. புத்தகம் சொல்கிறது, சரி, 26 என்றே வைத்துக்கொள்வோம்.

உருளைக்கிழங்குப் பயிற்சி நடக்கிறது. நேற்று வறுவல், இன்று பொரியல், ராத்திரி மசாலா. "நாளைக்கும் இதேதான்னா நான் மில் கேண்டீன்லயே சாப்பிட்டுக்கறேனுங்" என்று அப்பா அம்மாவிடம் மனுப் போட்டார். அம்மா என்னைக் கை காட்டிவிட்டாள்.

ஜூன் 19

எங்கள் ஊர் உடுமலை கிளினிக்கில் வேடிக்கை பார்த்தேன். டிரஸ்ஸிங் அறைக்கு வெளியே கிடக்கும் செருப்புகளே பாதி கதையைச் சொல்லிவிடுகின்றன. யாருக்கு வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் காலை இழுக்கிறார்கள், எல்லாம் அதிலேயே தெரிகிறது.

ஒரு லாரி டிரைவர் வந்தார். சிஸ்டர் அவர் செருப்பைக் கழற்ற இழுத்தபோது அது வரவில்லை, அடியிலிருந்து ஏறிய ஆணி செருப்பையும் காலையும் சேர்த்துக் குத்தியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. "ஆணியா? எப்ப ஏறுச்சு?" என்று சிரித்தார். சர்க்கரை நோயில் உணர்வு செத்துப்போனால் கால் கத்திச் சொல்லாதாம். அப்போது வேறு யாராவதுதான் குனிந்து பார்க்க வேண்டும். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆணி கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்தப் படிப்பைத்தான் படிக்க வேண்டும் என்று இன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

ஜூன் 28

ஷூ வாங்கினேன், ஒரு சைஸ் பெரிதாக. கடைக்காரர், "வலது காலு ஆடுதும்மா" என்றார். ஆடட்டும் என்றேன். வீட்டில் வந்து வலது ஷூவின் முனையில் பஞ்சு அடைத்தேன். என் இடது கால் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான் விஷயம், இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 8

முதல் நாள். ஹாஸ்டலில் எனக்கு ரூம் மேட்டும், வகுப்பில் எனக்குப் பயிற்சிப் பார்ட்னரும் ஒரே ஆள்தான். தூத்துக்குடி பெனிட்டா. பெட்டியை வைத்த கையோடு கருவாட்டுப் பொட்டலத்தை என் பக்கத்து ஜன்னலில் மாட்டினாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். என் காலைப் பார்த்தாள்.

"ஏட்டி, ரூமுக்குள்ளயும் சாக்ஸா?"

"எனக்குக் குளுரும்."

"கோயம்புத்தூர்க்காரிக்கே குளுருதுன்னா நான் எங்க போக?" என்று என் போர்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் தொந்தரவு.

ஜூலை 15

பாதத்துக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. பெருவிரலுக்கு அடியில் எள்ளு மாதிரி இரண்டு குட்டி எலும்புகள். நடுவில் படகு மாதிரி ஒன்று. பெனிட்டா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த வள்ளம் மிதக்காது மேடம், ஒரு பக்கம் சாயும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கால் உணர்வைச் சோதிக்க ஒரு நைலான் இழை கொடுத்தார்கள். தோலில் வைத்து, இழை வளையும் வரை அழுத்த வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தால் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். "இது எங்க ஊரு தூண்டில் நரம்புல்லா! இத வாங்கவா காலேஜுக்கு வந்தேன்?" என்றாள் பெனிட்டா.

எல்லாரும் சிரித்து முடித்ததும் மேடம் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் பார்ட்னரின் வலது, இடது இரண்டு பாதங்களையும் சோதித்து, பாத அச்சும் எடுத்து, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் செப்டம்பரில் திறக்கும் கிளினிக்குக்குள் விடமாட்டார்களாம். அடுத்த வருட பேட்ச்சோடுதான் வர வேண்டும்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கருவாட்டு வாசம் என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.

ஜூலை 22

வலது காலைத் தாராளமாகக் கொடுத்தேன். அவள் நாடி பார்த்தாள், தட்டினாள், அளந்தாள், "ராணிக் காலுட்டி ஒனக்கு" என்றாள். பிறகு, "சரி, மத்தத எடு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "ஆடி முடியற வரைக்கும் எடது கால யாருக்கும் காட்டறதில்லன்னு வேண்டுதல்."

பெனிட்டா வேதக்கார வீட்டுப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்கள் வேண்டுதல்கள் அவளுக்குத் தெரியாது. பயபக்தியோடு கேட்டாள். "அப்பிடியும் ஒரு வேண்டுதல் உண்டா?"

"எங்க பக்கம் உண்டு."

பக்கத்து மேஜையில் இருந்த பொள்ளாச்சி மதுசூதன் தலையைத் தூக்கினான். "நானும் உங்க பக்கந்தானுங். நான் கேள்விப்பட்டதில்லையே?"

"ஆம்பளைங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவன் தன் பார்ட்னரின் காலுக்கே திரும்பினான். பெனிட்டா என் இடது ஷூவைக்கூட மரியாதையாக ஒதுக்கி வைத்தாள். ஐயோ பாவம்.

ஆகஸ்ட் 2

அறுவை சிகிச்சை பற்றிய வகுப்பு. முடிந்ததும் கை தூக்கினேன்.

"மேடம், என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு எடது கால்ல ஆறு விரல். அதை எடுத்துரலாமா?"

"வலிக்குதா? ஷூ அழுத்துதா? நடக்கத் தடையா இருக்கா?"

"இல்ல மேடம். அவளுக்குப் பிடிக்கல."

"எடுக்கலாம். ஆனா ஒழுங்கா வேலை செய்யுற விரலை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிக்கச் சொல்லுங்க. ஃப்ரெண்ட் பேரென்ன?"

பெயர் வைக்க மறந்துவிட்டேனே! "சுந்தரி" என்றேன்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெனிட்டா கேட்டாள். "அந்த சுந்தரி எந்த ஊருட்டி?"

"உடுமலைதான்."

"நல்ல பிள்ளையா?"

தூங்கிவிட்டது போல மூச்சு விட்டேன்.

ஆகஸ்ட் 16

ஆடி முடிந்தது. முப்பத்தொரு நாள் வைத்தவர்கள் இன்னும் ஒரு பதினைந்து நாள் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 17

உலகத்திலேயே முட்டாள்தனமான காரியம் எது என்று யாராவது கேட்டால் இனி என்னிடம் பதில் உண்டு. பாத மருத்துவ மாணவர்கள் தங்கும் ஹாஸ்டலில் கால் சுளுக்கிவிட்டதாக நடிப்பது.

மத்தியானம் மெஸ் படிக்கட்டில் சறுக்கினேன், அதாவது சறுக்கினதாகச் சொன்னேன். இடது காலில் விரல் நுனி வரை கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவான அந்தக் கீழ்த்தள மெஸ்ஸிலேயே உட்கார்ந்தேன். "அச்சச்சோ, ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். பதினொரு பேரும் நோட்டோடு ஓடி வந்தார்கள். எங்கள் பேட்ச்சுக்குக் கிடைத்த முதல் நோயாளி அல்லவா! அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மதுசூதன் சமையல்கட்டிலிருந்து சர்பத் வாசனை அடிக்கும் ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்தான். ஒருத்தி வீக்கத்தை அளக்க டேப்போடு வந்தாள். இன்னொருவன் எனக்கு நேர்ந்த விபத்தைப் படம் போட்டு விளக்கச் சொன்னான்.

"இங்க வலிக்குதா?" "ஆ!" "இங்க?" "ஆ!" "இங்க?" "ஐயோ!"

"இது முழங்கால்" என்றான் மதுசூதன்.

அதோடு விட்டானா? சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியை அமுக்கிப் பார்க்காமல் எக்ஸ்-ரே வேண்டுமா வேண்டாமா என்று சொல்லக்கூடாதாம். நேற்றுத்தான் வகுப்பில் நடத்தினார்களாம். "கட்ட அவுருங்க" என்று பேண்டேஜ் நுனியைப் பிடித்தான்.

அவ்வளவுதான். காலை உருவிக்கொண்டு எழுந்து ஓடினேன். சுளுக்கிய காலோடு மூன்று மாடி. நடுவில் இரண்டிரண்டு படியாகத் தாண்டினேன் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து மதுசூதனின் குரல் மட்டும் கேட்டது.

"நடை நார்மல்! எழுதிக்கோங்க!"

ஆகஸ்ட் 18

பெனிட்டா நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று காலை கருவாட்டுப் பொட்டலத்தைத் தன் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றினாள். அதைவிடப் பேசியிருக்கலாம்.

நானே ஆரம்பித்தேன். "கோவமா?"

"கோவமா? ஒன் கால நீ காட்டு, காட்டாட்டிப் போ. அது ஒன் இஷ்டம். ஆனா நீ காட்டாட்டி என் ரெக்கார்டுலல்லா கையெழுத்து விழாது? அத ஒரு நாளாது நெனச்சியாட்டி?"

நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவே இல்லை. என் காலை மறைப்பதிலேயே குறியாக இருந்தேன்.

"எங்கம்மா உப்பளத்துல நிக்கா. பதினேழு வயசுல எறங்குனவ. குதிங்கால் பிளந்து பிளந்து உப்பு ஏறும். டாக்டர்ட்ட வாம்மான்னா, இந்தக் கால எப்பிடிப் புள்ள நீட்டன்னு வர மாட்டா. செப்டம்பர்ல என் கிளினிக்குக்கு வாம்மா, நானே பாக்கேன்னு சொல்லிருக்கேன். அதுக்குத்தான் சரின்னா. அடுத்த வருசம் வான்னு நான் அவட்ட சொல்லணுமா?"

ரேணுகா மேடத்திடம் பார்ட்னரை மாற்றித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பன்னிரண்டு பேரில் எல்லாருக்கும் ஜோடி இருக்கிறது, மாற்ற ஆள் ஏது என்றாள். அதுவும் சரிதான்.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மழை இல்லை.

ஆகஸ்ட் 23

எழுதியே விடுகிறேன். சுந்தரி என்று யாரும் இல்லை. இடது பாதத்தில் சுண்டுவிரலுக்கு வெளியே இன்னொரு விரல், நகத்தோடு, அசைவோடு இருக்கிறது. என்னுடையது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் எனக்கு அதனால் பெரிய மவுசு. ஆறு விரல் ராசியாம். யார் கடை திறந்தாலும், யார் புது வீட்டுக்குப் போனாலும் முதலில் என்னைத்தான் நடக்கவிடுவார்கள். அதில் ஒரு சிக்கல். வலது காலைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும், ராசி இருப்பதோ இடது காலில். பெரியவர்கள் வாசலில் நின்று அரை மணி நேரம் விவாதித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் இரண்டு காலையும் சேர்த்து வைத்து உள்ளே குதிக்க வேண்டும்! பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எத்தனை வாசல் குதித்திருக்கிறேன்! ஒவ்வொரு குதிக்கும் லட்டு.

பிறகு முக்குக் கடை பேக்கரி வந்தது. குதித்தேன். தீபாவளிக்குள் மூடிவிட்டார்கள். கடைக்கார அக்கா என் காதுபடவே சொன்னாள். "அந்தப் புள்ள கால வெச்சுது, எல்லாம் போச்சு." அப்போது எனக்கு ஒன்பது வயது. மறுநாளிலிருந்து சாக்ஸ். லட்டும் நின்றுபோனது.

ஆணி ஏறியது தெரியாத அந்த டிரைவரின் பாதத்தை கிளினிக்கில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். என்னால் முடியவில்லை. பயமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல?

நாளை ஊருக்குப் போகிறேன். கிருஷ்ண ஜெயந்தி லீவு.

ஆகஸ்ட் 26

சாயங்காலம் அம்மா வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் கிருஷ்ணர் பாதம் போட்டாள். கையை மூடி அரிசி மாவில் முக்கித் தரையில் ஒரு ஒற்று, பிறகு விரல் நுனியால் விரல்கள். நான் சீடை மென்றுகொண்டே பின்னால் போனேன். இரண்டு மாதப் படிப்பு சும்மா இருக்குமா?

"உங்க கிருஷ்ணனுக்கு உள்வளைவு நல்ல ஒசரம்மா. தட்டைப் பாதம் இல்ல. ஆனா ரெண்டு காலுக்கும் நடுவுல எடைவெளி ஜாஸ்தி, விழுந்துருவான்."

"வெண்ணெய் தின்னுட்டு நடக்கறவன் அப்படித்தான் நடப்பான். போ அக்கட்டால, மிதிக்காத."

குனிந்தேன். வலது பாதத்தில் ஐந்து புள்ளி. இடது பாதத்தில் ஆறு. கை தவறியிருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். ஆறு. அதற்கடுத்தது, ஹால், சமையலறை நடை, பூஜை அறை வாசல். எல்லா இடதிலும் ஆறு.

"அம்மா, இதென்ன?"

"என்ன?"

"எடது கால்ல ஆறு வெரல் வெச்சிருக்க."

அம்மா நிமிரவே இல்லை. "நீ பொறந்த வருசம் உன்ற காலத்தான் மாவுல முக்கி முக்கி வெச்சேன். உங்கப்பா உன்னத் தூக்கிப் புடிச்சுட்டே வந்தாரு. அடுத்த வருசம் நீ நிக்கல, ஓடிட்டே. நானே கையில போட்டேன். அப்பறம் அதே பழகிப்போச்சு. அஞ்சு வெச்சா எனக்கு நம்ம வூட்டுக் கால் மாதிரியே இல்ல கண்ணு."

"யாரும் கேக்கலியா?"

"பக்கத்து வூட்டு அக்கா கேட்டாங்க. எங்கூட்டுக்கு வர்றவனுக்கு ஆறுதானுங்கன்னேன்."

"நான் ஒரு வருசங்கூடப் பாக்கலியேம்மா!"

"நீ சீடையத்தான பாப்பே?"

வலது சாக்ஸைக் கழற்றினேன். இடதையும். பூஜை அறை வாசலில் கடைசி இடது பாதத்துக்குப் பக்கத்தில் என் இடது பாதத்தை வைத்துப் பார்த்தேன். அம்மா மாவுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் அழுதேன் என்று எழுதினால் அது உண்மை. சீடையோடு அழுதால் புரையேறும் என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 28

காலை முதல் வகுப்பு, பாத அச்சு. கண்ணாடித் தட்டில் ஏறி நின்றால் திரையில் அச்சு விழும். பெனிட்டா என்னைப் பார்க்காமல், "வலது கால் ரெடி. எடதுக்கு நான் மேடத்துட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.

முதலில் மெஷின்தான் குழம்பியது. ஐந்து விரல்களுக்கு நம்பர் போட்டுவிட்டு, "மறுபடி மிதிக்கவும்" என்றது. மிதித்தேன். "மறுபடி மிதிக்கவும்." மிதித்தேன். பெனிட்டா திரையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மெசினுக்கு எண்ணத் தெரியல மேடம்" என்றாள்.

பதினொரு தலைகள் குனிந்தன. மதுசூதன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இது அநியாயமுங் மேடம். எங்களுக்கெல்லாம் அஞ்சு, பெனிட்டாவுக்கு மட்டும் ஆறா?"

உடனே ஆளாளுக்கு, "நானும் ஒரு தடவை பாக்கறேன்", "எக்ஸ்-ரே எடுத்தா எலும்பு எத்தனை வரும்?", "இருபத்தெட்டா, இருபத்தொன்பதா?" பந்தயமே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெனிட்டா இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "இது என் பார்ட்னரு காலு! லைன்ல நில்லுங்க!" ரேணுகா மேடம் என்னைப் பார்த்து, "சுந்தரிக்கு இப்ப பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

மேடத்துக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

பிறகு நைலான் இழை. கண்ணை மூடிக்கொண்டேன். பெருவிரல். "இருக்கு." அடுத்தது. "இருக்கு." ஐந்தாவதோடு நிறுத்தினாள்.

"ஏட்டி, தொடட்டுமா?"

அந்த விரலை அம்மாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. தலையை ஆட்டினேன். ஒரு சின்ன அழுத்தம்.

"இருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இருக்கு, இருக்கு."

"ஒரு தரம் சொன்னா போதும்" என்று மூக்கை உறிஞ்சினாள். ரெக்கார்டில் எழுதினாள்: பார்ட்னரின் இடது பாதம். விரல்கள் ஆறு. ஆறிலும் உணர்வு உண்டு. மேடம் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கருவாட்டுப் பொட்டலம் என் ஜன்னலுக்குத் திரும்பி வந்தது.

செப்டம்பர் 7

செருப்பு வாங்கினேன், முன்பக்கம் திறந்தது. கடைக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

செப்டம்பர் 9

கிளினிக் திறப்பு. குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. "முதல்ல யாரு உள்ள போறீங்க?" என்று மேடம் கேட்டார். பதினொரு விரல்கள் என்னைக் காட்டின. ஹாஸ்டலில் அந்த வாசல் குதித்த கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. "வலது காலுங்களா, எடது காலுங்களா?" என்று மதுசூதன் வேறு. பேக்கரி ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேன். லட்டு இல்லை, மைசூர்பாகுதான் கிடைத்தது.

முதல் நோயாளி பெனிட்டாவின் அம்மா. ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் பெனி. இம்புட்டுப் பேரு இருக்காவ. பாக்கவே அசிங்கமா இருக்கும்."

"எம்மா, நீட்டும்மா."

"நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

பெனிட்டாவின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. நான் ஸ்டூலை இழுத்து அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டேன். அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணினார்.

"ஏ ஆத்தாடி, ஆறுல்லா இருக்கு! ஏன் புள்ள, செருப்பு கடிக்காதா?"

"முன்னாடி கடிச்சுதுங்க. இப்ப இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேலை ஓரத்திலிருந்து ஒரு குதிகால் மெதுவாக வெளியே வந்தது. வெடிப்புக்குள் வெள்ளையாக உப்புக்கோடு தெரிந்தது.

நான் ஸ்டூலைப் பெனிட்டாவுக்கு விட்டு எழுந்து, விளக்கை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.